ஒரே நெருப்பில் இரண்டு வேலை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "இணை மின் உற்பத்தி". பேரைக் கேட்டதும் இது ஏதோ இன்ஜினியர் சமாச்சாரம், நமக்கு எதுக்குன்னு நினைச்சிடாதீங்க. இன்னைக்கு நம்ம முன்னால இருக்கிற ஆறாவது தீர்மானம் இதைப் பத்தினதுதான். நம்ம நெல் அவிக்கும் கூடத்துக்கு உமியில் ஓடும் மின்சார இயந்திரம் வாங்கலாமா வேண்டாமா என்பதுதான் அந்தத் தீர்மானம். கரண்ட்டும் வரும், கூடவே சூடும் சும்மா கிடைக்கும்னு ஒரு கம்பெனியிலிருந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க. நம்ம பங்கு 5 லட்சம் ரூபாய். மீதி வங்கிக் கடன். அந்த 5 லட்சம் என்பது வாராவாரம் நாம முடிச்சுப் போட்டு வச்ச சேமிப்பு. அதனால் நிர்வாகக் குழு எங்க நாலு பேரை விசாரிச்சுட்டு வரச் சொன்னாங்க. நாங்க பக்கத்து சர்க்கரை ஆலைக்குப் போனோம், பெரிய அரிசி ஆலை ஒன்னுக்குப் போனோம், விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டோம். தெரிஞ்சுக்கிட்டதை முதலில் சொல்றேன். எங்க முடிவைக் கடைசியில் சொல்றேன்.

முதலில் இணை மின் உற்பத்தி என்றால் என்ன? நம்ம பழைய மண் அடுப்பை நினைச்சுக்குங்க. முன்னாடி பெரிய அடுப்பு, அதுக்குப் பக்கத்துல கொடி அடுப்பு. விறகு வைக்கிறது ஒரே வாயில்தான். பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும். அங்கே வேலை முடிஞ்சு வர்ற அனல் கொடி அடுப்பு வழியாகப் போகும். அதில் குழம்போ வெந்நீரோ தனி விறகு இல்லாமல் சூடாகிக்கிட்டே இருக்கும். ஒரே நெருப்பு, இரண்டு வேலை. இணை மின் உற்பத்தியும் இதுதான். பெரிய அடுப்பின் இடத்தில் மின்சாரம், கொடி அடுப்பின் இடத்தில் ஏதாவது ஒரு தொழிலுக்கு வேண்டிய சூடு.

இது ஏன் லாபம் என்று புரியணும்னா, கரண்ட் எடுக்கும்போது எவ்வளவு சூடு வீணாகுது என்று தெரியணும். நிலக்கரியோ பழுப்பு நிலக்கரியோ எரிச்சு மின்சாரம் எடுக்கும் அனல் மின் நிலையத்தில் தண்ணீரைக் கொதிக்க வச்சு நீராவி ஆக்குறாங்க. அந்த நீராவி வேகமாகப் பாய்ந்து ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்றுது. அதுக்கு டர்பைன் என்று பேர். டர்பைன் சுழலும்போது அதோடு சேர்ந்த ஜெனரேட்டர் மின்சாரம் தருது. இதுவரை நம்ம பிள்ளைங்க பாடப் புத்தகத்திலேயே இருக்கு.

சக்கரத்தைச் சுத்தின பிறகு அந்த நீராவி என்ன ஆகுது? இதைத்தான் நாம கேட்கிறதில்லை. அது இன்னும் நீராவியாகத்தான் இருக்கு. அதைத் திரும்பத் தண்ணியாக்கினால்தான் மறுபடி கொதிகலனுக்குள் அனுப்ப முடியும். அதற்காகக் குளிர்ந்த தண்ணீரை விட்டு ஆற்றுறாங்க. அந்தச் சூட்டை வாங்கிக்கிட்ட தண்ணீரைக் குளிர வைக்கத்தான் நெய்வேலிப் பக்கம் போகும்போது தெரியுதே, இடுப்பு சிறுத்த பெரிய பெரிய கோபுரங்கள், அவை நிற்குது. அதன் வாயிலிருந்து வெள்ளையாக மேலே போறது புகை இல்லை. யாருக்கும் பயன்படாமல் ஆகாயத்துக்குப் போகும் சூட்டின் ஆவி. எரிச்ச நிலக்கரியில் 100 பங்கு சூடு இருந்தால், மின்சாரமாகக் கைக்கு வர்றது சுமாராக மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி இப்படித்தான் போகுது.

இவ்வளவு சூடு எப்படி மிச்சம் இருக்கும்னு எங்களில் ஒரு அக்கா கேட்டாங்க. சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்துக்கிறவர் அழகாகச் சொன்னார். "அம்மா, அடுப்பில் ஒரு சொம்பு தண்ணி வச்சா கொதி வர எவ்வளவு நேரம் ஆகுது? அதே தண்ணி முழுக்க வத்த எவ்வளவு நேரம் ஆகுது?" என்று கேட்டார். கொதிக்கிறது சீக்கிரம், வத்துறதுக்கு ரொம்ப நேரம். இது நமக்குத் தெரியாததா? கணக்கும் அதேதான். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டு வர 70 கிலோ கலோரி போதும். அந்தக் கொதிநீரை முழுக்க ஆவியாக்க இன்னும் 540 கிலோ கலோரி வேணும். அந்த 540-ம் ஆவிக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. வெந்நீர் பட்டதை விட இட்லிக் கொப்பரை ஆவி அடிச்சால் கை அதிகமாக வெந்து போறது இதனால்தான். டர்பைனைச் சுத்திட்டு வெளியே வர்ற நீராவியிலும் இந்த ஒளிஞ்ச சூடு அநேகமாக அப்படியே இருக்கு. அதை ஆகாயத்துக்கு விடாமல் ஒரு வேலைக்குப் பயன்படுத்தினால், எரிச்சதில் 100-க்கு 70 பங்குக்கு மேல் பயனாகும். மோரைக் கடைஞ்சு வெண்ணெய் எடுத்துட்டு மோரைக் கீழே ஊத்திடுறோமா? குடிக்கிறோம் இல்லையா? அதே மாதிரிதான்.

இதை நேரில் பார்க்க நம்ம ஊர்ப் பக்கத்தில் சர்க்கரை ஆலையை விட நல்ல இடம் கிடையாது. நம்மில் பாதிப் பேர் கரும்பு போடுறோம், வெட்டக் கூலிக்கும் போறோம். லாரியில் ஏத்தி அனுப்புறதோட சரி. உள்ளே என்ன நடக்குதுன்னு நானும் இத்தனை வருஷத்தில் இப்போதான் பார்த்தேன்.

ஒரு டன் கரும்பை அரைச்சால் சுமார் 300 கிலோ சக்கை வருது. அதில் பாதி ஈரம்தான். ஆனாலும் அதைக் காய வைக்காமலே அவங்க கொதிகலனில் நேராகப் போடுறாங்க. ஒரு கிலோ சக்கைக்குச் சுமார் 2 கிலோவுக்கு மேல் நீராவி கிடைக்குது. கரும்புச் சாறு பெரும்பாலும் தண்ணீர்தானே? அந்தத் தண்ணீரை வத்த வச்சுத்தான் பாகு, பாகிலிருந்து சர்க்கரை. அதற்கு ஒரு டன் கரும்புக்குச் சுமார் 400 முதல் 450 கிலோ நீராவி வேணும். ஆக, ஆலைக்கு எப்படியும் சூடு வேணும், எரிக்க எப்படியும் சக்கை இருக்கு.

இங்கேதான் புத்தி வேலை செய்யுது. சாறு காய்ச்சுறதுக்கு வேண்டிய சூடு 100-லிருந்து 130 டிகிரி வரைக்கும்தான். ஆனால் கொதிகலனில் நீராவியை 500 டிகிரி பக்கம் ஏத்த முடியும். நம்ம வீட்டுக் குக்கர் வெயிட் தாங்குறது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். புது ஆலைகளில் அதைப் போல 60 மடங்கு, 80 மடங்கு, 100 மடங்கு அழுத்தத்தில் நீராவி எடுக்கிறாங்க. அந்த உக்கிரத்தில் வர்ற நீராவியை நேராகச் சாற்றுக்கு அனுப்பாமல் முதலில் டர்பைனுக்கு விடுறாங்க. அங்கே சக்கரத்தைச் சுத்திட்டு, வேகமும் அழுத்தமும் தணிஞ்சு வெளியே வரும்போது, சாறு காய்ச்சச் சரியான பதத்தில் இருக்கு. மேலேயிருந்து கீழே இறங்குற வழியில் கரண்ட், இறங்கின இடத்தில் சர்க்கரை.

சாறு காய்ச்சும் இடத்திலும் ஒரே ஆவியை வீணாக்காமல் நாலைந்து கலன்களை வரிசையாக வச்சிருக்காங்க. முதல் கலனில் சாற்றிலிருந்து எழும்பும் ஆவிதான் இரண்டாவது கலனுக்கு அடுப்பு. இரண்டாவதின் ஆவி மூன்றாவதுக்கு. ஒன்னுக்கு மேல் ஒன்னு இட்லித் தட்டு அடுக்கின மாதிரி ஒரே சூட்டைப் பல தடவை வேலை வாங்குறாங்க.

இப்படிச் செய்யும் நல்ல ஆலைகளில் ஒரு டன் கரும்பின் சக்கையிலிருந்து 100 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்க முடியுது. ஆலை ஓடச் சுமார் 30 யூனிட் ஆகும். மீதியை மின் வாரியத்துக்கு விக்கிறாங்க. 100 யூனிட் என்பது எவ்வளவுன்னு நமக்குத் தெரியும். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை நம்ம வீட்டுக்கு இலவசமாக வர்ற அளவு. ஒரு டன் கரும்புச் சக்கைக்குள் அவ்வளவு இருக்கு அக்கா.

அதனால் சக்கை கழிவு இல்லை. அதுக்கு விலை உண்டு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, சக்கையிலிருந்தே காகிதம் செய்யுது. சக்கையைக் கொடுக்கும் சர்க்கரை ஆலைகளுக்குப் பதிலுக்கு எரிபொருளும் நீராவியும் ஏற்பாடு செஞ்சு தர்றாங்க. 2012-ல் டாக்டர் ரங்கராஜன் தலைமையில் அமைஞ்ச குழு, சர்க்கரையோடு சக்கை, கழிவுப்பாகு இதெல்லாம் சேர்த்து வர்ற மதிப்பில் 70 சதவீதம் விவசாயிக்குச் சேரணும்னு பரிந்துரை செஞ்சது. கரும்பு போடுற அக்காமார்கள் இதை மனசில் வச்சுக்குங்க. நாம லாரியில் ஏத்துறது இனிப்பு மட்டும் இல்லை, எரிபொருளும்தான்.

இது ஏதோ புதுசாகக் கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. 1882-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் எடிசன் தொடங்கின மின் நிலையத்திலேயே, கரண்ட்டோடு நீராவியையும் பக்கத்துக் கட்டிடங்களுக்கு விற்றிருக்காங்க. டென்மார்க் என்று ஒரு குளிர் நாடு. அங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குப் பூமிக்கு அடியில் குழாய் போட்டு வெந்நீர் அனுப்பி வீட்டைக் கதகதப்பாக வைக்கிறாங்க. அந்தச் சூட்டில் பெரும்பகுதி மின் நிலையங்களிலிருந்து வருது. நமக்கு வீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியம் இல்லை, சித்திரை மாசமே போதும். ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கு. கரண்ட்டை நெய்வேலியிலிருந்து சென்னைக்குக் கம்பியில் அனுப்பலாம். சூட்டை அப்படி அனுப்ப முடியாது. போற வழியிலேயே ஆறிடும். சூடு பிறக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அதை வாங்கிக்கிறவங்க இருக்கணும். அதுவும் தினமும் இருக்கணும்.

சர்க்கரை ஆலையில் இதையும் சொன்னாங்க. அரைவை இருக்கும் மாசங்களில்தான் இந்த முறையில் முழு லாபம். அரைவை நின்னுட்டால் காய்ச்சச் சாறு இல்லை, நீராவிக்கு வேலை இல்லை. அப்போ வேறு எரிபொருள் வாங்கிப் போட்டு ஓட்டினாலும் அது சாதாரண மின் நிலையம் மாதிரிதான், மிச்சச் சூடு வீணாகத்தான் போகும். நாங்க நாலு பேரும் இதை நோட்டில் கோடு போட்டு எழுதிக்கிட்டு வந்தோம். சூட்டுக்கு வேலை இருந்தால்தான் இணை மின் உற்பத்தி லாபம். முதலில் சூட்டுக் கணக்கு, பிறகுதான் கரண்ட் கணக்கு.

இப்போ நம்ம கூடத்துக்கு வர்றேன்.

கம்பெனிக்காரத் தம்பி காட்டின இயந்திரம் டர்பைன் வகை இல்லை. உமியைக் குறைந்த காற்றில் புகைய விட்டால் எரியக்கூடிய வாயு வருது. அந்த வாயுவை ஆற வச்சு, வடிகட்டி, டீசல் இன்ஜின் மாதிரி ஒரு இன்ஜினில் விட்டால் ஜெனரேட்டர் ஓடும். இன்ஜின் சூட்டில் வெந்நீர் எடுத்துக்கலாம். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட இயந்திரங்கள் பல இடத்தில் ஓடுது. நாங்க பார்த்தது அது நமக்குப் பொருந்துமா என்று மட்டும்தான். அதுக்கு நாலு கேள்வி எழுதிக்கிட்டோம்.

முதல் கேள்வி, நமக்குச் சூடு எத்தனை மணி நேரம் வேணும்? நாம வாரத்துக்கு மூன்று நாள் நெல் அவிக்கிறோம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அடுப்பு எரியுது. ஆக வாரத்துக்கு 18 மணி நேரம். ஒரு வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். அதாவது பத்து மணி நேரத்தில் ஒரு மணி நேரம்தான் நம்மகிட்ட சூட்டுக்கு வேலை இருக்கு. கம்பெனிக் கணக்கில் இயந்திரம் தினமும் 20 மணி நேரம் ஓடுறதாகப் போட்டுத்தான் கடன் எப்போ அடையும்னு காட்டியிருக்காங்க. நம்ம இயந்திரம் தூங்கினாலும் வட்டி தூங்காது.

இரண்டாவது கேள்வி, உமி எங்கே? 1 டன் நெல்லுக்குச் சுமார் 200 கிலோ உமி. நாம நாளைக்கு 2 டன் என்று வாரத்துக்கு 6 டன் அவிக்கிறோம். மொத்த உமி 1,200 கிலோ. அதில் பாதி நம்ம கொதிகலனுக்கே போகுது. மீதியை விக்கிறோம், அந்தக் காசு வரவில் இருக்கு, கணக்கு நோட்டைப் பார்த்துக்கலாம். அவங்க காட்டின இயந்திரம் மணிக்கு 20 யூனிட் தரும். இந்த மாதிரிச் சின்ன இயந்திரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 2 கிலோ உமி ஆகும். அப்போ மணிக்கு 40 கிலோ. 20 மணி நேரத்துக்கு 800 கிலோ. வாரத்துக்கு 5,600 கிலோ. நம்மகிட்ட இருக்கிறது எல்லாத்தையும் கொட்டினாலும் 1,200 கிலோதான். மீதி 4,400 கிலோவை வெளியே விலைக்கு வாங்கணும். செங்கல் சூளைக்காரங்களும் மத்த ஆலைக்காரங்களும் அதே உமிக்குத்தான் போட்டி போடுறாங்க. "உமி சும்மா கிடைக்குது" என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க. நாமே அதை விக்கிறவங்கதானே?

மூன்றாவது கேள்வி, யார் வேலை பார்ப்பாங்க? வாயுவை ஆற வச்சுக் கழுவும்போது கீல் மாதிரி கருப்பாக ஒரு பிசுக்கு வரும், வாடை அடிக்கும் தண்ணீர் வரும். அதைத் தொட்டியில் பிடிச்சு முறையாக அப்புறப்படுத்தணும். வாய்க்காலில் விட்டால் நம்ம ஊர்த் தண்ணிதான் கெடும். வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யணும். அந்த வாயுவில் நச்சும் உண்டு, கசிஞ்சால் மூடின கொட்டகையில் உயிருக்கே ஆபத்து. அதுக்கு முறையாகப் பயிற்சி பெற்ற ஆள் வேணும். 100 கிலோ உமிக்குச் சுமார் 20 கிலோ சாம்பல் மிஞ்சும், அதையும் அள்ளணும். விலைப் பட்டியலில் இதெல்லாம் ஒரு வரி கூட இல்லை. கடைசியில் அந்த வேலை நம்ம உறுப்பினர் கையில்தான் வந்து விழும். நம்ம உடம்பையும் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணும்.

நாலாவது கேள்வி, மிச்சக் கரண்ட்டை யார் வாங்குவாங்க? சர்க்கரை ஆலைக்கு மின் வாரியத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கு. நமக்கு யாரும் எழுதித் தரவில்லை. "வாங்கிப்பாங்க" என்று வாயால் சொன்னதை வச்சு வங்கியில் கையெழுத்துப் போட முடியாது.

ஒரு அக்கா போன கூட்டத்தில் நியாயமான கேள்வி கேட்டாங்க. அவிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் மோட்டார் நிக்குது, ஊற வச்ச நெல் புளிச்சு வாடை அடிக்குது, அந்த நஷ்டத்துக்கு என்ன வழின்னு. அந்தக் கஷ்டம் உண்மை. ஆனால் அதுக்கு வேண்டியது ஒரு சின்ன மோட்டாருக்கான மாற்று ஏற்பாடு. அந்த 18 மணி நேரத்துக்கு வாடகை ஜெனரேட்டரோ சின்னதாக ஒன்னோ போதும்.

இன்னொரு தங்கச்சி, "பெண்கள் நடத்தும் மின் நிலையம்னு பேப்பரில் போட்டோ வரும் அக்கா" என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் போட்டோ ஒரு நாள் வரும், தவணை மாசா மாசம் வரும்.

அதனால் எங்க நாலு பேரின் முடிவு இதுதான். ஆறாவது தீர்மானத்தில் உள்ள இயந்திரத்தை இப்போது வாங்க வேண்டாம். ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். முதலில் நம்ம அடுப்புக்கு ஒரு கொடி அடுப்பு போடுவோம்.

ஒன்று, நம்ம புகைபோக்கி வழியாகத் தினமும் சூடு மேலே போகுது. அந்த வழியில் ஒரு திறந்த தண்ணித் தொட்டியைச் சூடாக்குற மாதிரி அமைக்கலாம். அழுத்தம் இல்லாத தொட்டி என்பதால் வெடிக்கும் பயம் கிடையாது. ஆனாலும் கொதிகலன் பக்கத்தில் எதைச் செய்தாலும் கொதிகலன் ஆய்வாளரைக் கேட்டுத்தான் செய்யணும். கொதிகலனுக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி முன்னாடியே சூடாக இருந்தால், எரிபொருளில் 100-க்கு 1 பங்கு மிச்சம். 30 டிகிரித் தண்ணி 80 டிகிரியாகப் போனால் 8 பங்கு மிச்சம். வாரத்துக்கு 600 கிலோ எரிக்கிற நமக்கு 48 கிலோ. பெரிய தொகை இல்லை, ஆனால் வருஷம் முழுக்க வரும், வட்டி இல்லாமல் வரும்.

இரண்டு, அதே வெந்நீரை ஊறல் தொட்டிக்கும் விடலாம். பச்சைத் தண்ணியில் இரண்டு மூன்று நாள் ஊறப் போடுறதால்தான் நம்ம அரிசியில் அந்த வாடை. 65, 70 டிகிரி வெந்நீரில் ஊற வச்சால் நாலைந்து மணி நேரத்தில் ஊறிடும், வாடை வராது. மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கு. வாடை இல்லாத அரிசிக்குக் கடையில் என்ன விலைன்னு சந்தைக்குப் போற அக்காமார்களுக்குத் தெரியும்.

மூன்று, நீராவிக் குழாய்க்கு மேல் உறை சுத்தணும். இப்போ வெறும் குழாய் ஓடுது. பக்கத்தில் நின்னாலே அனல் அடிக்குது. அந்த அனல் எல்லாம் நம்ம உமிதான். போன வருஷம் அந்தக் குழாயில் கை பட்டு வெந்தது யாருக்குன்னும் நமக்குத் தெரியும். உறை போட்டால் உமியும் மிச்சம், கையும் மிச்சம்.

நாலு, மழைக்காலக் காய்ச்சல் அறை. ஐப்பசி, கார்த்திகையில் களத்தில் நெல்லைப் பரப்பிட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம். அவிச்ச நெல்லில் 100-க்கு 30 பங்குக்கு மேல் ஈரம் இருக்கும், அதை 14-க்குக் கொண்டு வரணும். புகையைக் குழாய்க்குள்ளேயே விட்டு, அந்தக் குழாய்க்கு வெளியே காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்றை நெல்லுக்கு அனுப்பலாம். புகை நெல் மேல் படவே கூடாது. இதுக்கு வரைபடமும் யோசனையும் தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம் நிறுவனத்தில் கேட்கலாம். நெல் பதப்படுத்துறதில் ரொம்ப காலமாக ஆராய்ச்சி செய்யும் இடம் அது. இதில் நெல் மட்டும் இல்லை, அவிக்காத நாளில் மிளகாயும் மல்லியும் காய வைக்கலாம்.

கடைசியில் சொன்னதைக் கவனிச்சீங்களா? இப்படி ஒவ்வொன்னாக வேலை சேரும்போது நம்ம சூட்டுக்கு வேலை இருக்கும் மணி நேரமும் கூடும். 18 மணி நேரம் 40 ஆகலாம், பக்கத்து ஊராட்சிக் கூட்டமைப்புகளும் அவங்க நெல்லையும் மிளகாயையும் இங்கே கொண்டு வந்தால் 80 கூட ஆகலாம். அப்போ உமியும் சேர்ந்து வரும். அன்னைக்கு இதே இயந்திரத்தை, இல்லை இதை விட நல்லதை, நாமே தைரியமாகக் கூப்பிட்டு விலை கேட்கலாம். நான் கரண்ட் எடுக்கிறதுக்கு எதிரி இல்லை. சர்க்கரை ஆலையில் அதைப் பார்த்துட்டு வந்ததிலிருந்து எனக்கு அந்த ஆசை போகவே இல்லை. வேலையில்லாத சூட்டுக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்றேன்.

இந்த நாலு வேலைக்கும் 5 லட்சம் தேவைப்படாது. கொத்தனாரிடமும் தகரப் பட்டறையிலும் விலை கேட்டு எழுதி வாங்கி வச்சிருக்கோம். செயலாளர் அக்காகிட்ட இருக்கு, யார் வேணும்னாலும் வாங்கிப் பார்க்கலாம். கொதிகலன் பார்த்துக்கும் நம்ம இரண்டு உறுப்பினர்களுக்கு முறையான சான்றிதழ்ப் பயிற்சி வாங்கித் தரணும் என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்டுக்கிறோம்.

தீர்மானத்தைத் தலைவி அக்கா இப்போ வாசிப்பாங்க. கை தூக்குறதுக்கு முன்னால் தயவு செஞ்சு கேள்வி கேளுங்க. பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவங்களும் கேளுங்க, இது எல்லாருடைய சேமிப்பும்தான். எங்க கணக்கில் எங்கேயாவது சந்தேகம் இருந்தால் நோட்டோடு இங்கேயே உட்கார்ந்து போட்டுக் காட்டத் தயாராக இருக்கோம்.